மாக்கோவைப் பலருக்கும் ஏன் பிடிக்காமல் போனது? ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு சீசன்களின் கதையும் கீழே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

தொடரைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. மாக்கோ யார்?

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கதை முடிந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பது ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’. நிக்கலோடியன் தயாரித்த இந்தத் தொடர் 2012 ஏப்ரலில் தொடங்கி 2014 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 52 எபிசோட். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ இருவரும்தான் இரண்டு தொடர்களையும் உருவாக்கியவர்கள்.

நீர், நிலம், நெருப்பு, காற்றை ஆட்டிவைக்கும் சக்திக்குப் பெண்டிங் என்று பெயர்; மாக்கோ நெருப்பை ஆட்டிவைக்கும் ஃபயர்பெண்டர். ரிபப்ளிக் சிட்டியில் ‘ஃபயர் ஃபெரட்ஸ்’ என்ற ப்ரோ-பெண்டிங் (பெண்டர்கள் மோதும் விளையாட்டு) அணியின் கேப்டன். எட்டு வயதில், கொள்ளையடிக்க வந்த ஒரு ஃபயர்பெண்டரின் கையால் தாய் தந்தை சாவதைக் கண்ணால் பார்த்தவன். அன்றிலிருந்து தம்பி போலினைத் தெருவிலேயே வளர்த்து ஆளாக்கியவன். கழுத்தில் கிடக்கும் சிவப்புத் துண்டு அப்பாவுடையது. முதல் இரண்டு சீசன்களிலும், நான்கு சக்திகளையும் ஆளும் அவதாரான கதாநாயகி கோராவின் காதலனாக வருகிறான்.

இவ்வளவு கனமான பின்னணி உள்ளவனை ‘சப்பென்று இருக்கிறான்’ என்கிறார்களே, அது நியாயமா?

காதலனாக வரும் மாக்கோவைப் பற்றிச் சொன்னால் நியாயம். அண்ணனாக வரும் மாக்கோவைப் பற்றிச் சொன்னால் நியாயமே இல்லை. கதைக்குள் இந்த இரண்டு பேரும் ஒருவராகச் சேரவே இல்லை, வெறுப்புக்கு வேர் அதுதான்.

முதல் சீசன் 3ஆம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். அணி ஜெயித்திருக்கிறது. அரங்க முதலாளி புட்டாக்கா பரிசுப் பணத்தைக் கையில் கொடுக்கிறார், கொடுத்த கையோடு திரும்ப எடுக்கிறார். கோராவின் புது உடுப்புக்கு இவ்வளவு, பயிற்சிக்கூடத்துக்கு இவ்வளவு, தங்கியிருக்கும் அறைக்கு வாடகை இவ்வளவு, மளிகைக்கு வாங்கிய கடன் இவ்வளவு. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் சாம்பியன்ஷிப்பில் ஆட 30,000 யுவான் கட்ட வேண்டும். மாக்கோ மின்நிலையத்துக்குப் போய் மின்னல் பாய்ச்சும் கூலி வேலை செய்கிறான். ‘தம்பிக்குச் சோறு, தலைக்கு மேல் கூரை’ என்ற ஒரே கவலையில் ஓடுகிற இளைஞன். அவனுடைய சிடுசிடுப்பு, கஞ்சத்தனம், யாரையும் நம்பாத குணம் எல்லாவற்றுக்கும் இங்கே காரணம் தெரிகிறது.

இனி 4ஆம் எபிசோட். அசாமி சாட்டோ ஸ்கூட்டரில் வந்து அவன் மேல் மோதுகிறாள், பழக்கமாகிறது. அவளுடைய அப்பா, பெரும் தொழிலதிபர் ஹிரோஷி சாட்டோ, அணிக்கு ஸ்பான்சர் ஆகிறார். பணக்கவலை தீர்ந்தது. 6ஆம் எபிசோடில் சாம்பியன்ஷிப் தோற்கிறார்கள், அரங்கம் தாக்கப்படுகிறது, ஆட்டமும் முடிந்தது. ஆக, பாதி சீசனிலேயே மாக்கோவை ஓட வைத்த இரண்டும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. மீதி ஆறு எபிசோடிலும் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்பதைத் தவிர அவனுக்கென்று கதையே கிடையாது. ‘சப்’ என்று நமக்குத் தோன்றுவது இந்த வெற்றிடம்தான்.

வெறுப்பு எந்த இடத்தில் தொடங்கியது?

பெரும்பாலானவர்கள் கைகாட்டுவது முதல் சீசன் 5ஆம் எபிசோடை. ஏறக்குறைய 23 நிமிடத்தில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள்:

1. கோராவுக்கு மாக்கோ மேல் ஆசை, போலினுக்குக் கோரா மேல் ஆசை. மாக்கோ அசாமியோடு பழகிக்கொண்டிருக்கிறான்.
2. ஆசிரியர் டென்சினின் மனைவி பெமாவின் பேச்சைக் கேட்டுக் கோரா மனதைத் திறந்து சொல்கிறாள். மாக்கோ மறுத்துவிடுகிறான்.
3. போலினும் கோராவும் நூடுல்ஸ் சாப்பிட வெளியே போகிறார்கள். போலினுக்கு அது காதல் சந்திப்பு, கோராவுக்கு நட்பு.
4. அதைப் பார்த்து மாக்கோவுக்கு எரிச்சல். தம்பி மேல் அக்கறை என்கிறான், கோரா அதைப் பொறாமை என்கிறாள்.
5. தனக்கும் குழப்பமாக இருப்பதாக ஒப்புக்கொள்கிறான். கோரா முத்தமிடுகிறாள். பூங்கொத்தோடு வந்த போலின் அதைப் பார்த்து அழுதுகொண்டே ஓடுகிறான்.

இவற்றுக்கு நடுவில் மூன்று போட்டிகள் வேறு.

இதில் கவனிக்க வேண்டியது, மாக்கோ தானாக எதுவும் செய்வதில்லை. கோரா சொல்கிறாள், கோரா முத்தமிடுகிறாள், போலின் உடைந்து போகிறான், அசாமிக்கு விஷயமே தெரியாது. மூன்று பேருக்கு வலி, அந்த வலிக்கு நடுவில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தப்பே செய்தாலும் ஆசையோடு செய்கிறவனைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார்கள். முடிவெடுக்காமல் நிற்கிறவனை மன்னிப்பது கடினம்.

அவன் அசாமியை ஏமாற்றினான் என்பது சரியா, மிகையா?

சரிதான். ஆனால் அது ஒரு முத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை. முத்தத்தை மறைத்தான், அதுவே முதல் தப்பு. 8ஆம் எபிசோட் முடிவில் நகர அரசியல்வாதி டார்லாக் கோராவைக் கடத்த, 9ஆம் எபிசோடில் பித்துப் பிடித்தவன் போலத் தேடுகிறான், அவள் திரும்பி வந்ததும் கையில் ஏந்திப் போகிறான். அசாமி பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள். அடுத்த எபிசோடில் அவள் நேருக்கு நேர் கேட்டபோது, இப்போது நிலைமை சரியில்லை, இதைப் பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடுகிறான்.

அந்தப் ‘பிறகு’ முதல் சீசனில் வரவே இல்லை. மாக்கோவும் அசாமியும் பிரிந்ததாக ஒரு காட்சிகூடக் கிடையாது. இறுதிச் சண்டைக்கு முன் அவளிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறான். அதே சண்டை முடிந்த கையோடு கோராவிடம் காதலைச் சொல்கிறான். சொந்த அப்பாவையே எதிர்த்து நண்பர்கள் பக்கம் நின்ற பெண் அசாமி. அவளுக்கு ஒரு விளக்கம்கூடத் தராமல் கதை நகர்ந்துவிட்டது. ரசிகர்கள் அன்று கொதித்தது வீண் கோபம் இல்லை.

12ஆம் எபிசோடின் காதல் காட்சி ஏன் மனதில் ஒட்டவில்லை?

அவசரம். பெண்டர்களை எதிர்க்கும் சமத்துவ இயக்கத்தின் தலைவன் அமான் கோராவின் பெண்டிங்கைப் பறித்துவிட்டான், காற்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘நான் யார்?’ என்ற கேள்வியோடு அவள் உடைந்து கிடக்கும் நேரத்தில் மாக்கோ காதலைச் சொல்கிறான். அவள் விலகிப் போகிறாள். முந்தைய அவதாரும் பழைய தொடரின் நாயகனுமான ஆங் தோன்றிச் சக்தியை மீட்டுக் கொடுக்கிறார். உடனே ஓடி வந்து மாக்கோவைக் கட்டிப்பிடித்துத் தானும் காதலிப்பதாகச் சொல்கிறாள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

சக்தி இல்லாத கோராவோடு மாக்கோ நாலு நாள் கூட இருந்து பார்த்திருந்தால், அந்தக் காதலுக்கு ஒரு எடை வந்திருக்கும். கோரா அவனை ஏற்பது சக்தி திரும்பிய பிறகு என்பதால், காதலும் வெற்றிப் பரிசுகளில் ஒன்றாக மாறிவிட்டது.

எழுதியவர்கள் திறமைசாலிகள். பிறகு ஏன் இப்படி?

கணக்குப் போட்டால் பாதி புரியும். நிக்கலோடியன் முதலில் கேட்டது 12 எபிசோட் கொண்ட ஒரு குறுந்தொடர். அதை இருவரும் தாங்களே எழுதினார்கள். பிறகுதான் எபிசோட்கள் கூட்டப்பட்டன, இரண்டாம் சீசனிலிருந்து ஜோஷுவா ஹாமில்டன், டிம் ஹெட்ரிக் போன்ற பழைய தொடரின் எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பழைய தொடரில் ஆங், கட்டாரா இருவருக்கும் 61 எபிசோட் கிடைத்தது. பயணம், சமையல், சண்டை, சும்மா உட்கார்ந்து பேசும் பொழுது என்று உறவு வளர இடம் இருந்தது. அங்கே முதல் சீசன் மட்டுமே 20 எபிசோட். கோராவின் முதல் சீசனோ 12 எபிசோடுக்குள் புது நகரம், புது விளையாட்டு, சமத்துவ இயக்கத்தின் போராட்டம், அமானின் மர்மம், டார்லாக்கின் அரசியல், கோராவின் ஆன்மீகத் தடை, அதற்கு மேல் நாலு பேர் காதல் எல்லாவற்றையும் சுமந்தது. எதை வேண்டுமானாலும் சுருக்கலாம், இரண்டு பேர் பழகும் நேரத்தைச் சுருக்கினால் காதல் நிற்காது.

நேரக்குறைவு முழுச் சமாதானம் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 12 எபிசோடில் போலீஸ் தலைவி லின் பெய்ஃபோங், கோராவின் ஆசிரியர் டென்சின் இருவருடைய பழைய காதல் ஓரிரு காட்சிகளில் எவ்வளவு அழகாகப் பதிந்தது! அவர்கள் இருவருக்கும் காதலைத் தவிரத் தனி வேலையும் தனிப் பிடிவாதமும் இருந்தன.

பழைய தொடரோடு ஒப்பிட்டதும் ஒரு காரணமா?

ஓரளவு. கோபக்கார ஃபயர்பெண்டர், கசப்பான இளமை என்றதும் ரசிகர்கள் பழைய தொடரின் இளவரசன் ஸூக்கோவை எதிர்பார்த்தார்கள். பெயரும் எதிர்பார்ப்பைக் கூட்டியது: ஸூக்கோவின் ஐரோ மாமாவுக்குக் குரல் கொடுத்து 2006இல் மறைந்த நடிகர் மாக்கோ இவாமட்சுவின் நினைவாக வைத்த பெயர் அது.

குரல் நடிப்பு சரியில்லை என்கிறார்களே?

ஒப்புக்கொள்ள முடியாது. டேவிட் ஃபாஸ்டினோவின் குரல் அடங்கிய குரல், பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. நான்காம் சீசனில் தான் மெய்க்காவலனாகக் காக்கும் இளவரசர் வூவின் தொல்லையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும் காட்சிகளில் அதே அடங்கிய குரல்தான் சிரிப்பை வரவழைக்கிறது. கையில் கொடுத்த வசனம் நன்றாக இருந்தபோதெல்லாம் அவர் சோடை போகவில்லை.

இரண்டாம் சீசனில் இன்னும் மோசமாகிவிட்டதா?

காதல் கதை மோசமானது, மாக்கோவின் மற்ற கதை தேறியது.

ஆறு மாதம் கழித்துத் தொடங்கும்போது அவன் போலீஸ்காரன். கோரா எதைக் கேட்டாலும் ‘நீ எடுக்கிற முடிவுக்கு நான் துணை’ என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அவளுக்கு வேண்டியது ஒரு கருத்து, கிடைப்பது தலையாட்டல். இரண்டு பேரும் எதற்காகச் சேர்ந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

5ஆம் எபிசோட் பிரிவு மட்டும் அருமையாக எழுதப்பட்டது. கோராவின் தென் நீர்ப் பழங்குடிக்குப் படை அனுப்ப அதிபர் ராய்க்கோ மறுக்கிறார். அவரைத் தாண்டி ஜெனரல் ஐரோவின் (ஐரோ மாமா அல்ல, ஸூக்கோவின் பேரன்) உதவியைப் பெறக் கோரா திட்டமிடுகிறாள். அதிபர் கேட்டதும் மாக்கோ உண்மையைச் சொல்லிவிடுகிறான். கோரா காவல் நிலையத்துக்கே வந்து சண்டை போடுகிறாள், மேசை பறக்கிறது, உறவு முறிகிறது. அவனுக்குக் கடமை, அவளுக்கு அவளுடைய மக்கள். இருவர் பக்கமும் நியாயம். மாக்கோ முதல் முறையாக ஒரு நிலைப்பாடு எடுத்து அதற்கு விலையும் கொடுக்கிறான்.

அதோடு விட்டிருக்கலாம். 6ஆம் எபிசோடில் அசாமி அவனை முத்தமிடுகிறாள். பிறகு ஞாபகம் தப்பித் திரும்பிய கோராவுக்குச் சண்டை நினைவிருக்கிறது, பிரிந்தது நினைவில்லை. எல்லோர் முன்னாலும் வந்து முத்தமிடுகிறாள். மாக்கோ உண்மையைச் சொல்லாமல் நிற்கிறான், அசாமி பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் சீசன் தப்பு அப்படியே திரும்ப வந்தது, ஆள் மட்டும் மாறி. இந்த ஒரு காட்சிக்கே பலர் அவனை மொத்தமாகக் கைவிட்டார்கள். 14ஆம் எபிசோடில் கோராவுக்கு எல்லாம் நினைவு வந்து, இருவரும் மனம்விட்டுப் பேசிப் பிரிகிறார்கள். நல்ல காட்சி, தாமதமாக வந்தது.

இதே சீசனில் கலாச்சார மையக் குண்டுவெடிப்பைத் துப்புத் துலக்கி, தொழிலதிபர் வாரிக்கின் சூழ்ச்சியைக் கண்டுபிடித்து, பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குப் போகும் மாக்கோவை யாரும் திட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கோராவும் அசாமியும் சேர வேண்டும் என்ற ‘கோராசாமி’ ரசிகர்கள்தான் மாக்கோ வெறுப்பைக் கிளப்பினார்களா?

காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. மாக்கோ மேல் கோபம் வெடித்தது 2012இல், முதல் சீசன் ஓடிக்கொண்டிருந்தபோது. அப்போது மக்கோரா (மாக்கோ–கோரா), போரா (போலின்–கோரா), மசாமி (மாக்கோ–அசாமி) என்று எந்த ஜோடி சேர வேண்டும் என்பதில் ரசிகர்களுக்குள் பல அணிகள் இருந்தன; கோராவும் அசாமியும் சேர வேண்டும் என்றவர்கள் அன்று சிறு கூட்டம். அது பெரிதானது மூன்றாம் சீசனில், இருவரும் நெருங்கிய பிறகு. அந்தச் சீசனின் முதல் எபிசோடில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டே மாக்கோ விஷயத்தைப் பேசிச் சிரிப்பார்களே, அங்கிருந்து.

2014 டிசம்பர் 19 அன்று வெளியான கடைசிக் காட்சியில் கோராவும் அசாமியும் கைகோத்து ஆவி உலகுக்குப் போகிறார்கள். டிசம்பர் 22 அன்று படைப்பாளிகள் இருவரும் அது காதல்தான் என்று எழுதி உறுதி செய்தார்கள். தொடர்ச்சியாக 2017இல் வரத் தொடங்கிய காமிக்ஸிலும் அந்த உறவு வெளிப்படையாகத் தொடர்கிறது. மாக்கோ கதை சரியாக எழுதப்பட்டிருந்தாலும் இந்த முடிவு அழகாகவே வந்திருக்கும். ஒன்றைத் தாழ்த்தித்தான் இன்னொன்றை ரசிக்க வேண்டும் என்பதில்லை.

போலினோடு கோராவைச் சேர்த்திருக்கலாமா?

சிரிப்பு கூடியிருக்கும். எழுதும் முறை மாறாமல் ஆளை மட்டும் மாற்றினால் போலினும் ஏழாவது எபிசோடில் வேலையற்று நின்றிருப்பான்.

மாக்கோ எப்போது தேறினான்?

காதல் கதையிலிருந்து அவனை விடுவித்த அன்றே. மூன்றாம் சீசன் தொடக்கத்தில் இரண்டு முன்னாள் காதலிகளுக்கும் முகம் காட்டக் கூசி ஒதுங்குகிறான். முன்பு மழுப்பப்பட்டதற்கு இப்போது கதையே பொறுப்பேற்கிறது. பா சிங் சே நகரில் அண்ணனும் தம்பியும் அப்பாவின் குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பாட்டியின் வீடு நிறைய உறவுகள். எட்டு வயதிலிருந்து கழுத்தை விட்டு இறங்காத அப்பாவின் துண்டைக் கழற்றிப் பாட்டியிடம் கொடுக்கிறான். காதல் வசனங்கள் எதுவும் செய்யாத வேலையை அந்த ஒரு செயல் செய்துவிடுகிறது.

அதே சீசன் 13ஆம் எபிசோடில் நீரையே கைகளாகக் கொண்ட எதிரி மிங்-ஹுவாவை, அவள் தண்ணீருக்குள் நிற்கும் நேரம் பார்த்து மின்னல் பாய்ச்சி வீழ்த்துகிறான். மின்நிலையக் கூலி வேலையில் பழகிய கை அது! நான்காம் சீசன் கடைசி எபிசோடில், அந்தச் சீசனின் வில்லி குவிராவின் ராட்சத இயந்திரத்துக்குள் நின்று, கை கருகினாலும் விடாமல் மின்னலைச் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்கிறான். முடிவில் கோராவிடம், எந்தப் போருக்குப் போனாலும் உன் பின்னால் நான் நிற்பேன் என்கிறான். காதல் கேட்காத சொல் என்பதால் நம்ப முடிகிறது.

நான்காம் சீசன் 8ஆம் எபிசோடைத் தாண்டிவிடலாமா?

பழைய காட்சிகளைத் தொகுத்த எபிசோட் அது. தயாரிப்புப் பணம் வெட்டப்பட்டதால், ஊழியர்களை வேலையை விட்டு அனுப்புவதற்குப் பதில் இப்படி ஒரு எபிசோடைச் செய்தார்கள். மாக்கோவின் காதல் சொதப்பல்களை வூவும் மற்றவர்களும் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பகுதி அதில் இருக்கிறது. ரசிகர்கள் மூன்று ஆண்டாகச் சொன்னதைப் படைப்பாளிகளே ஒப்புக்கொண்ட இடம். மாக்கோவைப் பற்றி யோசிப்பவர்கள் விடக்கூடாது.

52 எபிசோடையும் பார்க்க நேரமில்லை. மாக்கோ கதைக்கு மட்டும் எவை?

சீசன் 1: 2, 3, 4, 5, 9, 12. சீசன் 2: 1, 5, 6, 11, 14. சீசன் 3: 1, 3, 13. சீசன் 4: 8, 13. மொத்தம் 16 எபிசோட், ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் சீசன் 3, 4 இரண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள். அவன் கதை எங்கே காலியாகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

ரசிகர் கதை எழுதுகிறேன். மாக்கோவைக் காதலனாகவே வைத்துச் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு, ஆளை மாற்ற வேண்டியதில்லை. பலர் அவனைக் கலகலப்பானவனாக மாற்றுகிறார்கள்; அப்போது அவன் இரண்டாவது போலின் ஆகிவிடுகிறான். சிடுசிடுப்பை விட்டுவையுங்கள், தேவையைத் திருப்பிக் கொடுங்கள்.

முதலில் ஹிரோஷியின் பணத்தைத் தொடுங்கள். அது சும்மா வந்த கொடையாக இல்லாமல் கடனாக இருக்கட்டும். 7ஆம் எபிசோடில் ஹிரோஷி எதிரி என்று தெரிந்ததும் அந்தக் கடன் என்ன ஆகும்? மாக்கோ மறுபடி தெருவில் நிற்கும் பயத்தோடு முடிவெடுக்க வேண்டி வரும். 30,000 யுவான் கடைசி வரை அவன் முதுகில் இருக்கும்.

அடுத்து அசாமி. அவளுடைய அம்மாவும் ஃபயர்பெண்டர்கள் கையால் செத்தவர்தான். இருவருக்கும் ஒரே காயம். ஒருவன் பெண்டர், ஒருத்தி பெண்டர் அல்லாதவள். அந்தச் சீசனின் மொத்தச் சண்டையே இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில்தான். ஆனால் இந்த ஒற்றுமை கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. 8ஆம் எபிசோடில் பெண்டர் அல்லாதவர்களுக்கு மட்டும் டார்லாக் ஊரடங்கு போடுகிறார். அந்த இரவில் இருவரையும் பேச வையுங்கள். அங்கே அவர்கள் பிரிந்தால் அது கோராவால் நேர்ந்த பிரிவாக இருக்காது, அசாமிக்கும் மரியாதை மிஞ்சும். இரண்டு பக்கம் போதும்.

கோராவோடு அவனுக்குக் காதல் தவிர வேறு ஒரு கருத்து வேறுபாடும் வேண்டும். அவள் தெற்குத் துருவத்தில் காவலும் ஆசிரியர்களுமாக வளர்ந்தவள், காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்பதே நகரத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அவனோ சிறுவனாக டிரிபிள் த்ரெட் கும்பலுக்குச் சில்லறை வேலை பார்த்தவன். அவன் அவளுக்கு ஊரைக் காட்டும் காட்சி ஒன்று எழுதுங்கள்: எந்தக் கடையில் நேற்றைய ரொட்டி மலிவு, எந்தத் தெருவில் எந்தக் கும்பல் வசூல், எந்தப் பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கலாம். 3ஆம் எபிசோடில் போலினைத் தேடி இரவெல்லாம் அலையும்போது அதன் தொடக்கம் இருக்கிறது. ஜோடி போல நடித்துக் கையைக் கோத்துக்கொண்டு அமானின் கூட்டத்துக்குள் நுழைகிறார்களே, அந்தத் தோழமையை 8ஆம் எபிசோட் வரை நீட்டுங்கள். முத்தத்தை 5ஆம் எபிசோடிலிருந்து எடுத்துவிடுங்கள். காதல் சொல்லும் காட்சி இப்போதுள்ளபடியே சக்தி போன பிறகும், திரும்புவதற்கு முன்பும் இருக்கட்டும். கோராவும் அப்போதே பதில் சொல்லட்டும்.